விடுமுறைக்கு வாடகைக் கார்: எகானமி போதுமா, ஒரு படி மேலே போகலாமா?

வாடகைக் கார் பதிவு செய்ய உட்கார்ந்தால் மினி, எகானமி, காம்பேக்ட், இன்டர்மீடியட், எஸ்யூவி என்று வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலும் விலை ஏறும் வரிசையிலேயே அடுக்கியிருப்பார்கள் என்பதால் நம் கண்ணும் விலையைப் பார்த்தே முடிவெடுத்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் எடுத்தேன். இப்போது முதலில் பெட்டிகளை எண்ணுகிறேன், அடுத்து போகும் வழியில் ஏற்றம் எவ்வளவு என்று பார்க்கிறேன், விலை மூன்றாவதுதான்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் எகானமி போதும், யார் என்ன சொன்னாலும் மேலே போக வேண்டாம், அதில் மிச்சமாகும் பணத்தை இன்சூரன்ஸில் போடுங்கள். நாலு பெரியவர்கள், ஆளுக்கொரு பெட்டி என்றால் எகானமி பக்கமே திரும்பாதீர்கள். இரண்டு பெரியவர்கள், ஒன்றிரண்டு குழந்தைகள் என்று நடுவில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது, இதை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். நாம் பதிவு செய்வது ஒரு வகுப்பை மட்டும்தான், குறிப்பிட்ட காரை இல்லை. படத்தில் ஃபோக்ஸ்வாகன் போலோ இருக்கும், கீழே சின்ன எழுத்தில் ‘அல்லது இது போன்றது’ என்று இருக்கும், அங்கே போய் இறங்கினால் வேறொரு காரின் சாவி கைக்கு வரும். ஒப்பந்தமே அப்படித்தான். அதனால் படத்தை விட்டுவிட்டு, பல நிறுவனங்கள் பக்கத்தில் போட்டிருக்கும் நாலு எழுத்துக் குறியீட்டைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், ஆக்ரிஸ் குறியீடு என்பார்கள். முதல் எழுத்து வகுப்பு: எம் என்றால் மினி, ஈ என்றால் எகானமி, சி காம்பேக்ட், ஐ இன்டர்மீடியட். இரண்டாவது உடலமைப்பு: டி (D) என்றால் நாலைந்து கதவு, பி (B) என்றால் இரண்டு மூன்று கதவு, டபிள்யூ என்றால் பின்பக்கம் நீண்ட வேகன். மூன்றாவதில் எம் என்றால் மேனுவல் கியர், ஏ என்றால் ஆட்டோமேட்டிக். நாலாவது எரிபொருளும் ஏசியும். ஆர் என்றால் ஏசி உண்டு, என் என்றால் இல்லை. ஆக ‘ஈடிஎம்ஆர்’ (EDMR) என்று பார்த்தால் நாலு கதவு எகானமி, மேனுவல், ஏசி உண்டு என்று படிக்கலாம். வயதானவர்களோ குழந்தை சீட்டோ இருக்கும் வீட்டில் இரண்டாவது எழுத்து பி என்று இருந்தால் அந்த காரைத் தொடவே வேண்டாம். முன் சீட்டை மடக்கி மடக்கி ஒவ்வொரு முறையும் பின்னால் ஏற்றி இறக்குவதற்குள் பாதி நாள் போய்விடும்.

சரி, டிக்கிக்கு வருவோம். வாடகைக் காரில் சண்டை வரும் இடம் இதுதான். மினி வகுப்பில் அடிக்கடி கைக்கு வரும் கியா பிகாண்டோவின் டிக்கி 255 லிட்டர், ஹூண்டாய் ஐ10 252 லிட்டர், ஃபியட் 500 வெறும் 185. எகானமியில் டொயோட்டா யாரிஸ் 286, போலோ 351. காம்பேக்டில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 381. இப்போது விமானத்தில் போடும் பெரிய சூட்கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். 75 சென்டிமீட்டர் உயரம், 50 அகலம், 30 கனம் என்றால் வெளி அளவில் 112 லிட்டர். இரண்டு பெட்டிக்கு 225 லிட்டர், பிகாண்டோவில் அடங்கிவிடும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அடங்காது. காரணம் டிக்கியை அளக்கும் விதம். 20 × 10 × 5 சென்டிமீட்டர் கட்டைகளை, அதாவது ஒரு லிட்டர் கட்டைகளை, உள்ளே எத்தனை அடுக்க முடிகிறது என்று எண்ணித்தான் அந்த லிட்டர் கணக்கை வெளியிடுகிறார்கள். சக்கர வளைவின் ஓரம், மூலை, சந்து என்று எல்லா இடத்திலும் அந்தக் கட்டை நுழையும். விறைப்பான பெட்டி நுழையாது. நடைமுறையில் 250 லிட்டர் டிக்கியில் ஒரு பெரிய பெட்டியும் ஒன்றிரண்டு கைப்பையும் போகும், அதற்கு மேல் போவதெல்லாம் பின் சீட்டில்தான்.

பின் சீட்டில் பெட்டியை வைப்பதில் எனக்கு இரண்டு ஆட்சேபம். நிறுத்திவிட்டுப் போகிற இடத்தில் கண்ணாடி வழியே பெட்டி தெரிந்தால் திருடனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. அதைவிட முக்கியம், திடீரென்று பிரேக் அடித்தால் கட்டாமல் கிடக்கும் இருபது கிலோ பெட்டி முன்னால் இருப்பவரின் முதுகிலும் தலையிலும்தான் வந்து விழும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்குப் பதறுகிறது. ஆகவே கிளம்புவதற்கு முன் வீட்டில் பெட்டிகளைத் தரையில் அடுக்கி டேப் வைத்து ஒரு முறை அளந்து பாருங்கள். விறைப்பான சூட்கேஸுக்குப் பதில் துணிப்பை எடுத்துக்கொண்டால் அதே சாமான் ஒரு வகுப்பு சின்னக் காரில் அடங்கிவிடும். காசு செலவில்லாமல் கிடைக்கும் வழி அது ஒன்றுதான்.

அடுத்தது ஏற்றம். ஒரு முறை நாங்கள் நாலு பெரியவர்களாக ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின் காரில் மலை ஏறினோம். அது 67 குதிரைத்திறன் உள்ள கார். சமவெளியில் அருமையாக ஓடியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையடிவாரத்தைத் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது வேகம் செத்துப்போனது. இரண்டாவது கியருக்கு இறக்கினேன், எஞ்சின் அலறியது, ஏசியை அணைத்தோம், கண்ணாடியை இறக்கினோம், முன்னால் ஒரு லாரி புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. அதை ஓவர்டேக் செய்யத் தேவையான உந்துதல் காரில் இல்லை. பின்னால் எட்டு பத்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. பின் சீட்டில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, முன் சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்தபடியே வந்தார். உச்சியில் இறங்கியதும்தான் கையை எடுத்தார்.

காரைக் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படி. அந்தக் கார் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. நாலு பேர் 280 கிலோ, சாமான் 60 கிலோ, ஆக காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக ஏற்றியிருந்தோம். அத்தோடு டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத எஞ்சின் உயரம் போகப் போக மூச்சு வாங்கும். ஆயிரம் மீட்டருக்கு சுமார் பத்து சதவீத சக்தி குறைகிறது, ஏனென்றால் மேலே காற்று மெலிந்துவிடுகிறது. இரண்டாயிரம் மீட்டரில் அந்த 67இல் ஐம்பத்து சொச்சம்தான் மிஞ்சும். டர்போ உள்ள ஒரு லிட்டர் எஞ்சினுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, ஆனால் எந்த எஞ்சின் வரும் என்று பதிவு செய்யும்போது தெரியாது என்பதால் அதை நம்பி எடுக்க முடியாது. இதே சாலையில் பின்னொரு சமயம் நானும் மனைவியும் மட்டும் அதே மாதிரி சின்னக் காரில் போனோம், ஒரு சிரமமும் இல்லை. ஆகவே மலைக்குச் சின்னக் கார் ஆகாது என்று பொதுவாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆகாதது முழுச் சுமையோடு போகும் சின்னக் கார்தான்.

இறக்கத்தில் எந்தக் கார் என்றாலும் விதி ஒன்றுதான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். ஏறின கியரிலேயே இறங்கப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் எல் (L), எஸ் (S), பி (B, பார்க்கிங்குக்கான P இல்லை) என்று ஏதாவது ஒரு நிலை இருக்கும், அதில் போட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும்.

இனி சின்னக் காரின் பக்கம் பேசுகிறேன், அது நியாயமாகப் பெற வேண்டிய மதிப்பைப் பெறுவதில்லை. பிகாண்டோ அகலம் ஏறக்குறைய 1.6 மீட்டர், நீளம் 3.6 மீட்டர். ஃபோக்ஸ்வாகன் டிகுவான் மாதிரி எஸ்யூவி 1.84 மீட்டர் அகலம், நீளம் நாலரை மீட்டர். அகலத்தில் ஒரு சாண் வித்தியாசம்தான், ஆனால் பழைய ஊர்களின் சந்துகளில் அந்த ஒரு சாண்தான் எல்லாம். இரண்டு பக்கமும் கல்சுவர், எதிரே ஒரு வேன், நீங்கள் கண்ணாடியை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்க வேண்டும் என்ற நிலையில் பெரிய காரில் இருப்பவருக்கு வியர்த்துக் கொட்டும், சின்னக் காரில் இருப்பவர் போய்க்கொண்டே இருப்பார். பார்க்கிங்கிலும் அப்படியே. இன்னொருவர் வேண்டாம் என்று விட்டுப்போன இடுக்கு நமக்குப் போதும். தெரியாத ஊரில், தெரியாத காரில், வாடகைக் காரின் கீறலுக்கு நாமே பணம் கட்ட வேண்டிய நிலையில், அகலம் குறைவு என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னக் கார் எடுத்தால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: 1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்களை வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்ததுதான் பிற்பாடு ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனமானது. அந்தக் காலத்தின் மலிவுக் கார் அதுதான், 20 குதிரைத்திறன்.

எரிபொருள் கணக்கு சுருக்கமாக. சின்னக் கார் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்றால் நடுத்தர எஸ்யூவி ஏழு, ஏழரை குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினால் 20, 25 லிட்டர் வித்தியாசம். அவரவர் ஊர் விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற பயணம் என்றால் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஏனென்றால் சின்ன எஞ்சினை விரட்டி ஓட்டினால் அதுவும் நன்றாகவே குடிக்கும். காதுக்கும் சத்தம் அதிகம். தினமும் நாலைந்து மணி நேரம் நெடுஞ்சாலை என்றால் இரண்டு பேராக இருந்தாலும் காம்பேக்ட் எடுங்கள் என்றுதான் சொல்வேன், எகானமி போதும் என்ற பேச்சுக்கு நான் வைக்கும் ஒரே விதிவிலக்கு அது.

இடம் வேண்டும் என்பதற்காக எஸ்யூவிக்குத் தாவுகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். சின்ன எஸ்யூவிகளில் உயரம் அதிகம், டிக்கி அந்த அளவுக்கு அதிகமில்லை. நிசான் ஜூக் 422 லிட்டர், அதாவது கோல்ஃபைவிட 41 லிட்டர்தான் கூடுதல், ஒரு கேபின் பெட்டி அளவு. ஸ்கோடா ஆக்டேவியா வேகனில் 640 லிட்டர். நாலு பேர், நாலு பெட்டி என்றால் எனக்கு வேகன்தான், யோசனையே இல்லை. உயரமான காரில் ஏறி இறங்க வசதி என்று முழங்கால் வலி உள்ளவர்கள் சொல்வது உண்மை. அது ஒன்றுக்காக எஸ்யூவி எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

கியர் விஷயம் சிலருக்கு வகுப்பையே மாற்றிவிடும். பல இடங்களில் மினி, எகானமி எல்லாம் மேனுவல்தான், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஒரு வகுப்பு மேலே போக வேண்டியிருக்கும். இரண்டும் ஓட்டத் தெரியும், வழக்கமான பக்கத்திலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் மேனுவலே எடுத்துக் காசை மிச்சப்படுத்துங்கள். ஆனால் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகிறார், அல்லது நேர்மாறாக என்றால், பணம் கூடுதலானாலும் ஆட்டோமேட்டிக்தான். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை எங்கும் மாறாது என்றாலும் கியர் மாற்றும் கை மாறிவிடும், பல கார்களில் இண்டிகேட்டர் என்று தட்டினால் வைப்பர் ஓடும், ரவுண்டானா சுற்றும் திசை மாறும். மூளை இவ்வளவையும் சமாளிக்கிற முதல் இரண்டு நாளில் கிளட்சும் சேர்ந்தால் மனிதர்கள் நடந்து போவதைக் கவனிக்க மனசில் இடமிருக்காது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது கவுன்ட்டர். நீண்ட விமானப் பயணம் முடிந்து, குழந்தை தூக்கத்தில் சிணுங்க, வரிசையில் நின்று நம் முறை வரும்போது எதிரில் இருப்பவர் மிகவும் அன்பாகத்தான் பேசுவார். “மலைப்பக்கம் போறீங்களா சார்? இந்தக் கார் பத்தாதே, கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பெரியது தர்றேன்” என்பார். வீட்டிலேயே பெட்டியையும் ஏற்றத்தையும் கணக்குப் போட்டு வந்தவர்கள் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். நாம் கேட்ட வகுப்பு கையிருப்பில் இல்லாவிட்டால் கூடுதல் பணமில்லாமலே மேல் வகுப்புக் கார் தருவதுதான் வழக்கம், ஆகவே நாமாக அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டியதில்லை. இலவசமாகவே பெரிய கார் தருகிறேன் என்றாலும் சந்துகள் நிறைந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், கேட்டதையே கொடுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எகானமி வாடகைக்கு அப்படியே பொருந்தும், நாள் வாடகையைவிட நாள் இன்சூரன்ஸ் அதிகமாக இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாடகையோடு பல இடங்களில் ஒரு அடிப்படைப் பாதுகாப்பு சேர்ந்தே வரும், ஆனால் சேதம் ஏற்பட்டால் முதல் குறிப்பிட்ட தொகை நம் தலையில்தான் விழும். அந்தத் தொகையைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள். அதை ஈடுகட்ட கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்கள். கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும், அந்த அளவுக்கு அதில் வரம்பும் இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். மனைவி பெயரில் பதிவு, கணவன் கார்டு என்று போய் கவுன்ட்டரில் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த எக்ஸஸை இல்லாமல் ஆக்க இரண்டு வழி. ஒன்று, கவுன்ட்டரிலேயே அவர்களுடைய முழுப் பாதுகாப்பை வாங்குவது. விலை அதிகம், ஆனால் சேதமானால் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம், பிடித்து வைக்கும் தொகையும் குறையும். இன்னொன்று, கிளம்பும் முன்பே தனியாக வேறொரு நிறுவனத்தில் எக்ஸஸ் இன்சூரன்ஸ் எடுப்பது. இது பெரும்பாலும் நன்றாகவே மலிவு, ஆனால் சேதமானால் முதலில் வாடகை நிறுவனத்துக்கு நாம் பணம் கட்டி, ரசீது வாங்கி, பிறகு திரும்பக் கேட்க வேண்டும். கார்டில் வரம்பு இருக்கிறது, காகித வேலைக்கு அலுப்பில்லை என்றால் இரண்டாவது. இல்லை, விடுமுறையில் ஒரு கவலையும் வேண்டாம் என்றால் முதலாவது. நான் இரண்டாவதைத்தான் எடுக்கிறேன், அப்பா அம்மா கூட வந்தால் மட்டும் முதலாவது. எதை எடுத்தாலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், சாவி தொலைப்பு, தப்பான எரிபொருள் ஆகியவை சேர்கிறதா என்று ஒப்பந்தத்தில் விரல் வைத்துத் தேடிப் பாருங்கள். பல பாலிசிகள் கைவிடும் இடங்கள் இவைதான், சின்னக் கார் கல் நிறைந்த பாதையில் அடிவாங்கும் இடங்களும் இவைதான்.

சாவி கைக்கு வந்ததும் பத்து நிமிடம் காரைச் சுற்றி வாருங்கள். பம்பரின் கீழ் விளிம்பு, நாலு சக்கரத்தின் ரிம், முன்கண்ணாடி மூன்றையும் செல்போன் டார்ச் அடித்து வீடியோ எடுங்கள். அவர்கள் தாளில் குறிக்காத கீறல் ஏதாவது இருந்தால் நகரும் முன் குறிக்கச் சொல்லுங்கள். டிக்கியின் தரையைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா, அல்லது பஞ்சர் அடைக்கும் கிட் மட்டும்தானா என்று பாருங்கள். பல சின்னக் கார்களில் கிட்தான் இருக்கும், டயரின் பக்கவாட்டுக் கிழிந்தால் அது உதவாது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ டயர் அழுத்தம் எழுதியிருக்கும், முழுச் சுமைக்குத் தனி எண் உண்டு, அதன்படி காற்றடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோலா டீசலா என்று மூடியைத் திறந்து படித்துவிடுங்கள். பங்க்கில் குழாயின் நிறத்தை நம்ப வேண்டாம், பிரிட்டனில் பச்சை என்றால் பெட்ரோல், அமெரிக்காவில் பெரும்பாலும் டீசல். மூடி எந்தப் பக்கம் என்று இறங்கிப் பார்க்கவே வேண்டாம், எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி காட்டும். மழையில் தப்பான பக்கம் நிறுத்தி நனைந்த ஃபோர்டு பொறியாளர் ஜிம் மொய்லன் 1986இல் எழுதிக்கொடுத்த யோசனை அது. எரிபொருள் ஒப்பந்தம் ‘முழுதாக எடுத்து முழுதாகத் திருப்புவது’ என்றே இருக்கட்டும். முன்பணம் கட்டிக் காலியாகத் திருப்பலாம் என்பது சின்னக் காருக்கு நஷ்டம், ஒரு டேங்க்கைக் குடித்து முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

முழு விடுமுறைக்கும் கார் வேண்டுமா என்பதையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய நகரத்தில் இருக்கும் நாட்களில் கார் பார்க்கிங்கில் சும்மா நின்று காசு தின்னும். அந்த நாட்களை ரயிலிலும் பஸ்ஸிலும் கழித்துவிட்டு, ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் எடுத்தால் வாடகை குறையும், மிச்சத்தில் ஒரு வகுப்பு மேலேயே எடுக்கலாம். நாள் கணக்கு 24 மணி நேரம் என்பதால் காலை பத்துக்கு எடுத்து மதியம் பன்னிரண்டுக்குத் திருப்பினால் பெரும்பாலும் இன்னொரு நாள் வாடகை விழும். டிரைவரோடு கார் என்பது வயதானவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு நல்ல வழி. ஓட்டும் சுகத்துக்காகப் போகிறவர்களுக்கு அது ஒத்து வராது.

அப்புறம் அந்த நடுவில் இருக்கும் குடும்பம். இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, ஒரு குழந்தை சீட், பெரிய பெட்டி ஒன்று, துணிப்பை இரண்டு, சமவெளியும் கடற்கரையும் என்றால் போலோ, யாரிஸ் அளவு எகானமி போதும், மினிக்கு இறங்க வேண்டாம். குழந்தைகள் இரண்டு, தள்ளுவண்டி ஒன்று என்றால் காம்பேக்ட். வழியில் பெரிய மலை இருந்தால் அது காம்பேக்ட் வேகன். அடுத்த மாதம் நாங்கள் ஐந்து பேர் கிளம்புகிறோம், அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், அதே மலைச்சாலை வழியேதான். இந்த முறை வேகன் பதிவு செய்திருக்கிறேன், ஆட்டோமேட்டிக், முழுப் பாதுகாப்போடு. முன் சீட் அப்பாவுக்கு.